பள்ளியில் நிற்கும் குளிர்பான மெஷினை எடுக்க வைப்பது எப்படி?

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் காசு போட்டால் குளிர்பானம் தரும் மெஷின் நிற்கிறதா? அதை எடுக்க வைக்க வேண்டும் என்றால் முதல் வேலையாக சர்க்கரையைப் பற்றிப் பேசப் போகாதீர்கள், ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அந்த மெஷின் அங்கே நிற்பதற்குக் காரணம் பிள்ளைகளின் தாகம் இல்லை, யாரோ கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். அதைப் படிக்காமல் கூட்டத்தில் எழுந்து பேசினால் "நாங்களும் யோசிக்கிறோம், ஆனால் ஒப்பந்தம் இருக்கிறதே" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும்.

தலைமை ஆசிரியருக்கோ நிர்வாகக் குழுவுக்கோ கடிதம் எழுதி நகல் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பல நாடுகளில் தகவல் அறியும் சட்டம் வழியாகவும் கேட்கலாம். கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது எப்போது முடிகிறது, தானாகப் புதுப்பிக்கப்படும் என்று எங்காவது இருக்கிறதா என்பதைத்தான். இது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், "முடிவதற்கு இத்தனை நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்காவிட்டால்" என்று ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் போச்சு. அப்புறம் நிறுவனம் முன்பணம் கொடுத்திருக்கிறதா, பாதியில் நிறுத்தினால் அதில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், இத்தனை பாட்டில் விற்றாக வேண்டும் என்று இலக்கு இருக்கிறதா, வேறு யாருடைய பானமும் வளாகத்தில் விற்கக் கூடாது என்று கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இலக்கு இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் குடிக்கக் குடிக்கப் பள்ளிக்கு லாபம் என்று ஆகிவிடுகிறது, பெற்றோர் பலருக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்து பணம். பள்ளிக்கு வருவது விற்பனைத் தொகை முழுவதும் இல்லை, அதில் ஒரு பங்கு கமிஷன்தான், மீதி நிறுவனத்துக்குப் போகிறது. அந்தக் கமிஷனும் பெற்றோர் கொடுத்த கைச்செலவுக் காசிலிருந்துதான் வருகிறது. ஆண்டுக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, இரவும் பகலும் ஓடும் மெஷினுக்கு மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். விளையாட்டுச் சாமான் வாங்கத்தான் அந்தப் பணம் என்றால் அந்தத் தொகையை வேறு எப்படித் திரட்டலாம் என்று ஒரு யோசனையோடு போங்கள். வெறும் கையோடு போனால் உடற்கல்வி ஆசிரியரே உங்களை எதிர்ப்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சரி, இப்போது சர்க்கரை. வழக்கமான கோலா லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பல இடங்களில் 100 மில்லிக்கு 10.6 கிராம் என்று இருக்கும், அப்படியென்றால் 330 மில்லி கேனில் 35 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்தும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையிலிருந்தும் வரும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே அந்த 5 சதவீதம் 25 கிராம்தான், சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. கூட்டத்தில் நீளமாகப் பேச வேண்டாம், 35 கிராம் சர்க்கரையை எடை போட்டு எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு மேசையில் வைத்தால் போதும்.

"அப்படியானால் டயட் பானமும் பழச்சாறும் வைக்கிறோம்" என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். டயட் கோலாவில் சர்க்கரை இல்லை, ஆனால் அமிலம் அப்படியே இருக்கிறது. அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனாலே பல் எனாமல் கரையத் தொடங்கும், கோலாக்கள் அதற்கும் வெகு கீழே. பாக்கெட் பழச்சாறு பலவற்றில் சர்க்கரை கிட்டத்தட்ட கோலா அளவுக்கே வரும். விளையாட்டு வீரர்களுக்கு என்று விற்கும் பானமும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

"வெளியே போய் வாங்கிக் குடிப்பார்களே" என்பது இன்னொரு வாதம். குடிப்பார்கள், சிலர். ஆனால் பள்ளியே விற்பது வேறு, அது பள்ளியின் சம்மதம் மாதிரி. பிரான்ஸில் 2005 செப்டம்பரிலிருந்து பள்ளிகளில் தின்பண்ட, பான மெஷின்களைச் சட்டம் போட்டே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் (அங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 2002-இல் முடிவெடுத்து 2004-இல் குளிர்பான விற்பனையை நிறுத்தியது. நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மெஷின் போவதற்கு முன்பே தண்ணீர் வந்தாக வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த குழாய் வைத்துவிட்டு தண்ணீர் இருக்கிறது என்றால் எந்தப் பிள்ளை குடிக்கும்? மெஷின் நின்ற அதே இடத்தில், குளிர்ந்த நீர், பாட்டில் நிரப்ப வசதியான உயரத்தில் குழாய், வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று எழுதிய அட்டை. மாணவர் பிரதிநிதிகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தக் குழாயில் தண்ணீர் நாறுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, முடிவை வாய்ப்பேச்சோடு விடாமல் பள்ளியின் விதிகளில் எழுத வையுங்கள்: வளாகத்தில் இனிப்புப் பானம் விற்பனை இல்லை, விளம்பரமும் இல்லை, இனி எந்தப் பான ஒப்பந்தமும் பெற்றோர் கூட்டத்தில் வைக்காமல் கையெழுத்தாகாது. தலைமை ஆசிரியர் மாறினால் விற்பனைப் பிரதிநிதி மறுபடியும் வருவார், அப்போது அவரிடம் காட்ட இந்தத் தாள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.