டிஸ்கோ வேஷத்துக்கு ஜிகினா மட்டும் போதாது

ஆபீஸில் 'ரெட்ரோ நைட்' என்று மெயில் வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். ஆன்லைனில் 'டிஸ்கோ காஸ்ட்யூம்' என்று தேடி, முதலில் கண்ணில் படும் செட்டை ஆர்டர் போட்டுவிடுவார்கள். பிரித்தால் ஒரு சுருட்டை விக், வட்டக் கண்ணாடி, சமாதானச் சின்னம் வைத்த டாலர், நியான் நிறத்தில் லெக் வார்மர் என்ற கெண்டைக்கால் உறை. இதில் டிஸ்கோவுக்கு உரியது அநேகமாக எதுவும் இல்லை. வட்டக் கண்ணாடியும் டாலரும் ஹிப்பிகள் எனப்பட்ட அமெரிக்க இளைஞர்களுடையவை, 1967-69 சமாச்சாரம். நியானும் லெக் வார்மரும் 80-களின் ஏரோபிக்ஸ் உடற்பயிற்சி மோகத்தில் வந்தவை. டிஸ்கோ என்ற ஆட்ட இசையின் உச்சம் இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 1974 முதல் 1979 வரை, நியூயார்க் கிளப்புகளில்.

ஹிப்பி உடை பகலுக்கும் புல்தரைக்குமானது. டிஸ்கோ உடை ராத்திரி ஆட்டத்துக்காகவே தைத்தது. சுழன்றால் துணி விரிய வேண்டும், விளக்கு பட்டால் மினுங்க வேண்டும். ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள், பாதிக் குப்பை கழிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் நம் ஊருக்கே உரியது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தே தகர்த்தார்கள். அங்கே அலை இறங்கிய நேரத்தில்தான் இங்கே ஏறியது. இந்திப் படங்களில் 1980-ல் 'குர்பானி', 1982-ல் மிதுன் சக்ரவர்த்தியின் 'டிஸ்கோ டான்ஸர்', அதையே தமிழில் எடுத்து 1985-ல் ஆனந்த்பாபு நடித்த 'பாடும் வானம்பாடி'. இந்த இந்திய டிஸ்கோவில் பளபள ஜாக்கெட்டும் நெற்றிப் பட்டையும் தாராளமாக உண்டு. அதைப் போட விரும்பினால் போடுங்கள், நம் பார்ட்டிகளில் சட்டென்று புரிவதும் அதுதான். ஆனால் நியூயார்க் 1977 கோட்டுக்கு மேலே பம்பாய் 1982 நெற்றிப் பட்டையைக் கட்டினால் இரண்டும் கெட்டுப்போகும்.

சரி, பேண்டுக்கு வருவோம். அதிகம் சொதப்புவது இங்கேதான். பெல்பாட்டம் என்று நினைத்துப் பலர் பலாஸோ வாங்கிவிடுகிறார்கள். பலாஸோ இடுப்புக்குக் கீழேயே அகலத் தொடங்கிவிடும். பெல்பாட்டம் தொடையைக் கவ்விப் பிடித்து, முட்டிக்கு வந்த பிறகுதான் விரியும். மேலே இறுக்கம் இருந்தால்தான் கீழே விரிவது கண்ணுக்குத் தெரியும். தைக்கக் கொடுத்தால் கீழ்ச்சுற்றளவு 24 முதல் 28 இன்ச் வரை கேளுங்கள், இடுப்புப் பட்டை தொப்புளுக்குக் கிட்டே ஏறி நிற்கட்டும். துணி மொடமொடவென்ற காட்டனாக இருக்கவே கூடாது. பாலியெஸ்டர் கலந்த, கனமாக விழுகிற துணிதான் ஆடும்போது வீசும். அந்தக் காலத்து டெரிலின் பேண்ட் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் அதிர்ஷ்டம்தான்.

பழைய பேண்டையே மாற்றுவதும் சுலபம். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத் தையலைப் பிரித்து, முக்கோணத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் போதும். துண்டு அதே நிறத்தில் இருக்கட்டும். பூப்போட்ட துணியை வைத்தால் மறுபடியும் ஹிப்பி ஆகிவிடுவீர்கள்.

உயரம் அளக்கும்போது செருப்பில்லாமல் நிற்பது பெரிய தவறு. பிளாட்ஃபார்ம் ஷூவைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். பேண்டின் விளிம்பு ஷூவை மூடி, தரைக்கு அரை இன்ச் மேலே நிற்க வேண்டும். வெறுங்காலில் அளந்தால் ஷூ போட்டதும் கணுக்கால் தெரியும், விரிந்த பாட்டத்துக்கு அதைவிட அவலட்சணம் கிடையாது. ஷூ வாங்கும்போது முன்பக்க அடியும் தடித்ததாகப் பாருங்கள். குதிகால் மட்டும் உயர்ந்திருந்தால் ரெண்டு பாட்டுக்குள் பாதம் வலிக்க ஆரம்பித்துவிடும்.

ஆண்களில் பாதிப் பேர் கேட்பது அந்த வெள்ளை சூட். 1977 டிசம்பரில் வெளியான 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஜான் ட்ரவோல்டா போட்டது பாலியெஸ்டரில் தைத்த மூன்று பீஸ் சூட் (கோட், பேண்ட், கையில்லாத வெஸ்ட்கோட்), உள்ளே கறுப்புச் சட்டை. நாம் கோட்டையும் பேண்டையும் மட்டும் வெள்ளையில் எடுத்து, உள்ளே வெள்ளைச் சட்டையும் போட்டுவிடுகிறோம். அப்புறம் யாராவது "ரிசப்ஷன் எத்தனை மணிக்கு மாப்பிள்ளை?" என்று கேட்கத்தான் செய்வார்கள். வெஸ்ட்கோட்டை விடாதீர்கள். சட்டைக் காலரை இழுத்துக் கோட்டுக்கு மேலே படுக்கப் போடுங்கள். இன்றைய சட்டைகளின் காலர் அதற்குப் போதாது, நாய்க்காது மாதிரி நீண்டு தொங்குகிற காலர் வேண்டும். கோட்டில் காசை மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, காலரில் பிடிக்க வேண்டாம். வெள்ளைப் பேண்டுக்குள் வெள்ளை உள்ளாடை பளிச்சென்று தெரியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். தோல் நிறம்தான் சரி.

பெண்கள் உடையில் தவறு வேறு மாதிரி. உடம்பு முழுக்க ஜமிக்கி இருந்தால்தான் டிஸ்கோ என்ற நினைப்பு. 1974-ல் ஆடை வடிவமைப்பாளர் டயேன் வான் ஃபர்ஸ்டன்பெர்க் கொண்டுவந்த, இடுப்பில் சுற்றிக் கட்டும் ஜெர்சி கவுனில் ஜமிக்கியே கிடையாது. இன்னொரு வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன் தைத்த, கழுத்தில் கட்டும் ஹால்டர் கவுன்களிலும் அழகு துணி விழுகிற விதத்தில்தான். மேலேயோ கீழேயோ ஒன்று மட்டும் மின்னட்டும், இன்னொன்று வெறுமனே இருக்கட்டும். ஜமிக்கி உடைக்கு லைனிங் கட்டாயம், அக்குள் பக்கத்தில் அது உரசிச் சிவந்துபோனால் கையைத் தூக்கி ஆட முடியாது. முகத்தில் ஸ்டேஷனரி கடை கிளிட்டரைப் பூசாதீர்கள், கண்ணில் விழுந்தால் கீறும். மேக்கப்புக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

பந்துபோல் நிற்கும் அந்தச் சுருட்டை விக்கை, அதாவது ஆஃப்ரோ விக்கைப் பற்றிக் கொஞ்சம். அது அமெரிக்கக் கறுப்பின மக்கள் பெருமிதத்தோடு வளர்த்த முடி. டிஸ்கோவே அவர்களும் லத்தீன் மக்களும் தன்பால் ஈர்ப்பாளர்களும் ஆடிய கிளப்புகளில்தான் வளர்ந்தது. அந்த முடியைப் பிளாஸ்டிக் பந்தாக்கித் தலையில் கவிழ்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. விக்கோடு முகத்துக்குக் கறுப்பும் பூசுவது கேலிதான், அதைச் செய்யவே கூடாது. விக் இல்லாமலேயே வேஷம் நிற்கும். ஆண்கள் ரெண்டு மாதம் முன்பே கிருதாவை வளர விடுங்கள், பெண்கள் முடியை வெளிப்பக்கமாகச் சுருட்டி விடுங்கள்.

பள்ளி ஆண்டு விழாக்களுக்கு உடை வாடகைக்குத் தரும் கடைகளிலும் 'டிஸ்கோ' என்று கேட்டால் கிடைக்கும். பெரும்பாலும் கையில் ஜிகினாக் குஞ்சம் தொங்கும் சட்டைதான் தருவார்கள். கோட்டை மட்டும் அங்கே எடுத்துக்கொண்டு மற்றதை வெளியே தேடுங்கள்.

முதல் நாள் ராத்திரி மொத்தத்தையும் போட்டு ஒரு பாட்டுக்கு ஆடிப் பாருங்கள். முழுசாகக் குந்தி எழுந்திருங்கள், பேண்டின் பின் தையல் பிரிவதென்றால் வீட்டிலேயே பிரியட்டும். பாலியெஸ்டர் காற்று விடாது, வேர்த்து ஊற்றும். நெருப்பு பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெழுகுவர்த்தி வைத்த மேஜைப் பக்கம் போக வேண்டாம். பையில் ரெண்டு சேஃப்டி பின்னும் மாற்று பனியன் ஒன்றும் இருக்கட்டும்.