செவ்வாய் இரவு அனுப்பியது புதன் விடிகாலை வந்த கதை

மதுரையில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 2024 மார்ச் 12, செவ்வாய் இரவு 10.40-க்கு சிட்னியில் உள்ள வாடிக்கையாளர் ஒருவருக்கு, முடித்த மொழிபெயர்ப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அன்றுதான் கெடு. ‘புதன் விடிகாலை 4.10-க்குத்தான் வந்தது’ என்று திரையைப் படம் பிடித்து அனுப்பி, பணத்தை நிறுத்திவிட்டார். பொய்யில்லை, அவர் திரையில் அப்படித்தான் தெரியும்.

பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகள், பார்ப்பவரின் கணினி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அதற்கு மாற்றியே காட்டுகின்றன. அனுப்பியவரின் நேரம் உள்ளே அப்படியே இருக்கும். கணினியில் ஜிமெயில் என்றால் மடலின் ஓரத்து மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தண்டர்பேர்ட் செயலியில் கன்ட்ரோல், யூ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். ‘டேட்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். என் மடலில் இருந்தது: 12 மார்ச் 2024 22:40:15 +0530.

கடைசி எண்தான் சூட்சுமம். உலகப் பொது நேரத்தைவிட நாம் 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம் என்று பொருள். பொது நேரம் வேண்டுமானால், கூட்டல் குறி இருக்கும்போது கழிக்க வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 22:40-இல் 5:30 போனால் 17:10. மார்ச்சில் சிட்னி கோடை நேரத்தில், +1100-இல் இருக்கும். கூட்டினால் மறுநாள் 4:10. கால்குலேட்டரில் புள்ளி வைத்துக் கழிக்காதீர்கள், வேறொரு மடல் 22:10-க்குப் போயிருந்தால், 22.10-இல் 5.30 போனால் 16.80 என்று ஒரு நேரம் வரும்!

‘டேட்’ வரியை எழுதுவது பொதுவாக அனுப்புபவரின் கணினி. அதன் கடிகாரம் தப்பென்றால் வரியும் தப்பு. கணினியின் நேர மண்டலத்தை அமெரிக்காவில் விட்டுவிட்டு முள்ளை மட்டும் கையால் நம் நேரத்துக்குத் திருப்பியவர்களின் மடல்கள், இன்னும் வராத நேரத்தில் அனுப்பியதுபோல் காட்டும். சந்தேகம் இருந்தால் ‘ரிசீவ்ட்’ வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் போடும் முத்திரை அது. ஜிமெயிலின் முத்திரையில் 10:10, -0700 என்று இருந்தால் மிரள வேண்டாம், கலிபோர்னியா நேரம்; கழித்தல் குறி என்பதால் 7 மணியைக் கூட்டினால் அதே 17:10-தான்.

இவ்வளவையும் விளக்கி எழுதியும் பாதிப் பணம்தான் வந்தது. கெடு எந்த ஊர் நேரப்படி என்று இருவருமே எழுதி வைத்திருக்கவில்லை.