பார்த்தது உள்ளான், எழுதியது ஆசை: வலசைக் காலப் பதிவுகளில் நேரும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பர் காலையில், நான் ஒரு கரண்டிவாய் உள்ளானைக் "கண்டுபிடித்தேன்". உலகில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் பறவை அது. சேற்றுத்திட்டின் ஓரத்தில் கொசு உள்ளான்களோடு மேய்ந்துகொண்டிருந்தது. அலகின் நுனி தட்டையாக, அகலமாக, சந்தேகத்துக்கே இடமில்லாத கரண்டி. கை நடுங்க நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று பேர் அப்போதே வண்டியை எடுத்துவிட்டார்கள். இருபது நிமிடம் அது கரண்டிவாய் உள்ளானாகவே இருந்தது. பிறகு தண்ணீரில் இறங்கி அலகை இரண்டு முறை அலசியது. கரண்டி கரைந்துபோனது.

அலகில் அப்பியிருந்தது சேறு. ஆனால் என்னை ஏமாற்றியது சேறு மட்டுமில்லை. வலசைக் காலம் வந்தாயிற்று, அரிய பறவை ஏதோ ஒன்று இன்று என் கண்ணில் படத்தான் போகிறது என்று வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு கிளம்பியிருந்தேன். பார்த்ததை எழுதாமல், பார்க்க ஆசைப்பட்டதை எழுதுவது. அரிய பறவைப் பதிவுகளில் நான் கண்ட தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

இந்த மாதத்துப் பறவை புத்தகத்துப் பறவை அல்ல

வடக்கே குஞ்சு பொரித்து முடித்த பறவைகள் தெற்கே இறங்கி வரும் பருவத்தை இலையுதிர்கால வலசை என்கிறோம். பெயரைக் கேட்டதும் அக்டோபர், நவம்பர்தான் நினைவுக்கு வரும். உள்ளான்களுக்கு அது ஜூலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆர்க்டிக் கோடை மிகக் குறுகியது. கூடு கலைந்துபோன பறவைகளும், குஞ்சு வளர்க்கும் வேலையைத் துணையிடம் விட்டுவிட்ட பறவைகளும் முதலில் புறப்பட்டுவிடும். வளர்ந்தவை முன்னால் வர, அந்த ஆண்டு பிறந்த இளசுகள் சில வாரம் கழித்துத் தாமாக வந்து சேரும். ஆகவே ஜூலைக் கடைசியில், வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகளோடு நிற்கும் வளைமூக்கு உள்ளானைப் பார்த்துக் "காலம் தப்பி வந்த அதிசயம்" என்று எழுதிவிட வேண்டாம். அது சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது.

கள வழிகாட்டி நூல்களில் பெரிதாக, பளிச்சென்று வரைந்திருப்பது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து ஆண் பறவையை. இந்த மாதங்களில் நம் முன்னால் நிற்பதோ இளம் பறவை, அல்லது பாதி இறகு உதிர்த்த பறவை. வாத்துகளைப் பாருங்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்து சிறகின் பறக்கும் இறகுகளை ஒரே மூச்சில் உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்கவே முடியாமல் கிடக்கும். அப்போது எதிரிகளின் கண்ணில் படாமலிருக்க, பெட்டையைப் போலவே மங்கலான கோலம். வலசை வரும்போது அந்தக் கோலம் முழுதாகக் கலைந்திருக்காது. பாதி ஆண், பாதி பெண் போல ஒரு தட்டைவாயன் நின்றால், அது கலப்பினமோ புதிய இனமோ ஆகிவிடாது. நிறத்தை ஒதுக்கிவிட்டு அலகின் வடிவத்தையும் சிறகிலுள்ள பளபளப்புப் பட்டையையும் பார்த்தால் குழப்பம் தீரும்.

பூனைப்பருந்துகளில் இன்னும் சிக்கல். பழுப்பு உடம்பு, வெள்ளை இடுப்பு, பட்டை போட்ட வால் கொண்ட பெண்களும் இளசுகளும் இனத்துக்கு இனம் ஒன்றுபோலவே தெரியும். கழுத்தைச் சுற்றி வெளிர் வளையம் இருக்கிறதா, முகத்தின் கோலம் என்ன, சிறகின் அடிப்பட்டைகள் எப்படி என்று பார்க்காமல், வயல் கடந்து போன ஒரு நொடிக் காட்சியை வைத்து இனப்பெயர் எழுதுவது சூதாட்டம்தான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வழி தவறி வேறு நாட்டில் போய் இறங்கும் அரிய விருந்தாளிகளில் பெரும்பங்கு இளம் பறவைகளே. முதல் பயணம், பல இனங்களில் கூடவந்து வழிகாட்டப் பெரியவர்களும் இல்லை, திசை பற்றிய பிறவி அறிவை நம்பிக் கிளம்பியவை. அந்த அறிவில் கோணம் சற்றுப் பிசகினாலோ, எதிர்க்காற்று அடித்தாலோ போச்சு. ஆக, அரிய பறவை வரக்கூடிய அதே பருவத்தில்தான் சாதாரணப் பறவையும் அரியதைப் போல வேடமிட்டு நிற்கிறது. இரண்டையும் பிரிக்கப் பொறுமை வேண்டும்.

இளசுகளைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் தரையிறங்கியது. உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி வழி முழுவதையும் பதிவுசெய்தது. அப்போது அதற்கு வயது ஏறக்குறைய ஐந்து மாதம்.

முதலில் குறிப்பு, பிறகுதான் புத்தகம்

பறவை கண்ணெதிரே நிற்கும்போதே புத்தகத்தைப் புரட்டுவது அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு. படத்தைப் பார்த்த பிறகு மனம் பார்க்காத அடையாளங்களையும் பார்த்ததாகச் சாதிக்கும். "கண் மேல் வெள்ளைப் புருவம் இருந்ததா?" என்று யாராவது கேட்டால், இருந்த மாதிரிதான் தோன்றும். அதனால் பறவை நிற்கும்வரை பறவையை மட்டும் பாருங்கள். போனதும் உடனே, வேறு எதையும் திறக்காமல், கண்டதை எழுதுங்கள். கால் நிறம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். பின்னால் அந்தக் குறிப்பைப் படிக்கும் நிபுணருக்கு, நீங்கள் காணாததை ஒப்புக்கொண்ட அந்த ஒரு வரி மற்றதையெல்லாம் நம்ப வைக்கும்.

அளவை நம்பி இனம் சொல்வதிலும் கவனம் தேவை. தொலைநோக்கியில் ஒரே அளவுள்ள இரண்டு பறவைகள் முன்பின்னாக நின்றால், பின்னால் நிற்பது பெரிதாகத் தெரியும். உருப்பெருக்கம் தூரத்தை நசுக்கிவிடுவதால் வரும் மாயம் இது. பனிமூட்டத்தில் தனியாக நிற்கும் பறவைக்கோ அளவே கிடையாது. பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வந்து நிற்கும்வரை "பெரியது", "சிறியது" என்ற சொற்களை எழுதாமலிருப்பது நல்லது. மாலை வெயில் சாம்பல் நிறத்தைச் செம்மையாக்கும். ஈரச் சேறு பவளக்காலியின் காலைக் கருப்பாக்கும். என் கதையில் அது கரண்டியே செய்து கொடுத்தது.

கரண்டிவாய் விஷயத்தில் இன்னொன்று. அந்தக் கரண்டி பக்கவாட்டில் பார்த்தால் சரியாகத் தெரியாது, நேர் முன்னால் வரும்போதுதான் தெரியும். நான் பார்த்தது முழுக்கப் பக்கவாட்டில். அந்த ஒரு விவரமே என்னைத் தடுத்திருக்க வேண்டும்.

படம் இருக்கிறதே என்ற தைரியம்

படம் நல்ல சாட்சி. ஆனால் வெளிச்சம் கூடிப்போன படத்தில் பழுப்பு வெள்ளையாகும், நிழலில் எடுத்ததில் எல்லாமே நீலம் பூசிக்கொள்ளும். ஒரே ஒரு "அழகான" படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறோம். சிறகு விரித்த, மங்கலான, பறந்துபோகும்போது எடுத்த மோசமான படத்தில்தான் பெரும்பாலும் இனத்தை முடிவு செய்யும் அடையாளம் இருக்கும். எடுத்த பத்துப் படமும் இருக்கட்டும்.

இப்போது புதிதாக ஒரு வினை சேர்ந்திருக்கிறது. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். அவை மங்கலை விலக்குவதில்லை. அங்கே என்ன இருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. இறகின் ஓரக் கோடும் கண்வளையமும் இயந்திரம் போட்டதா, பறவையுடையதா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். ஆதாரமாகக் கொடுப்பது கேமராவிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். வெட்டுவதும் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுவதும் போதும்.

மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கின்றன. அருமையான துணை, மறுக்கவில்லை. ஆனால் அது சொல்வது யோசனை, தீர்ப்பல்ல. கரிச்சானும் மைனா வகைகளும் மற்ற பறவைகளின் குரலைப் பிசகாமல் பாடும். செயலி சொன்ன அரிய பெயரைக் கண்ணால் பார்க்காமல், காதால் சரிபார்க்காமல் பட்டியலில் ஏற்றிவிட்டு "கேட்டேன்" என்று எழுதினால், கேட்டது நீங்களா கைபேசியா?

எங்கே, எப்போது, எத்தனை

பறவையின் பெயரில் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட இடத்துக்கும் தேதிக்கும் நாம் காட்டுவதில்லை. பெயரைப் படத்தை வைத்துப் பிறகு திருத்தலாம். இடம் தவறினால் திருத்த ஆதாரமே இருக்காது.

இடம் தவறுவதன் விலை என்ன என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு கதை உண்டு. வனச் சிற்றாந்தை 1884-க்குப் பிறகு உறுதியாக எவர் கண்ணிலும் படவில்லை. ரிச்சர்ட் மெயினட்ஸ்ஹேகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மட்டும் 1914-ல் குஜராத்தில் ஒன்றைச் சேகரித்ததாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் அந்தப் பாடம் செய்த பறவையை ஆராய்ந்தபோது, அது ஜேம்ஸ் டேவிட்சன் என்ற வேறொரு சேகரிப்பாளர் 1880-களில் சேகரித்தது, திருடி மறுபடி தைக்கப்பட்டது என்று தெரியவந்தது. சீட்டிலிருந்த இடமும் தேதியும் பொய். அந்தப் பொய்யை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய இடங்களின் பக்கம் தேடிய ராஸ்முசனும் கூட்டாளிகளும் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஆந்தையை உயிரோடு பார்த்தார்கள். 113 ஆண்டுகள்! மெயினட்ஸ்ஹேகன் வேண்டுமென்றே செய்தார். வரைபடத்தில் ஏதோ ஓரிடத்தில் புள்ளியைக் குத்திவிட்டுப் போகும் நம் அவசரத்தில் அந்த நோக்கம் இல்லை. பதிவைப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாள் முழுக்க 60 கிலோமீட்டர் சுற்றியதை ஒரே பட்டியலாக்கி, புறப்பட்ட இடத்தில் புள்ளி வைக்காதீர்கள். இடத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள். கேமரா கடிகாரத்தைப் பயணத்துக்குப் பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேர வலயம் மாறி, நள்ளிரவில் வெயிலில் குளிக்கும் பறவைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சாதாரணப் பறவைகளை எழுதாமல் விடுவதும் தவறுதான், யாரும் தவறாக நினைக்காத தவறு. தகைவிலான் ஒவ்வொரு நாளும் எத்தனை என்று எழுதினால்தான் எந்த வாரம் அலை வந்தது, எந்த ஆண்டு தாமதித்தது என்று தெரியும். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் "கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் பதிகிறீர்களா?" என்று கேட்பது இதற்காகவே. முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அந்த இல்லாமையும் தகவல். அரியதை மட்டும் பொறுக்கி எழுதினால் அந்தத் தகவல் கிடைக்காது. எண்ண முடியாத கூட்டமென்றால் பத்துப் பத்தாகவோ நூறு நூறாகவோ மதிப்பிட்டு ஓர் எண்ணைப் போடுங்கள். வெறுமனே "இருந்தது" என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனம் தெரியவில்லையா? "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று பதிய வழியிருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் பலருக்கு வெட்கம். எனக்குத் தெரிந்த நல்ல பறவையாளர்களின் பட்டியல்களில் அந்த வரி அடிக்கடி வரும்.

சொல்லக் கூடாத நேரம்

பகலில் உறங்கும் ஆந்தை, கூட்டமாக அடையும் பூனைப்பருந்துகள், கடல் கடந்து வந்து எலும்பும் தோலுமாக இறங்கிய சிறு பறவை. இவற்றின் இடத்தை உடனுக்குடன் ஊரறியச் சொன்னால், மாலைக்குள் இருபது கேமராக்கள் சுற்றி நிற்கும். களைத்த பறவை ஒவ்வொரு முறை எழும்பிப் பறக்கும்போதும் மிச்சமிருக்கும் கொழுப்பைச் செலவிடுகிறது. குரலை ஒலிபரப்பி வரவழைப்பது அதைவிட மோசம். ஈபேர்ட் சில இனங்களின் துல்லியமான இடத்தைத் தானே மறைத்துவிடுகிறது. ஆனால் அன்று மாலையே அதே படத்தைச் சமூக ஊடகத்தில் இடப்பெயரோடு போட்டால் மறைத்து என்ன பயன்? கைபேசியில் எடுத்த படத்தைக் கோப்பாக அனுப்பினால் ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகும் என்பதும் பலருக்கு நினைவிருப்பதில்லை.

இதைச் சொல்லும்போதே எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012-ல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே அமூர் வல்லூறுகள் பெருந்தொகையாக வலையில் பிடிபட்டதைச் சிலர் ஆவணப்படுத்தி வெளியே சொன்னார்கள். அடுத்த ஆண்டே கிராமத்தார் வேட்டையை நிறுத்தினார்கள். 2013-ல் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பங்தி என்று மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். மறைப்பதா சொல்வதா என்பதை ஒவ்வொரு முறையும் அந்தப் பறவைக்கு என்ன நேரும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். யார் முதலில் பார்த்தது என்பதை வைத்து அல்ல.

கடைசியாக, ஈபேர்ட் போன்ற தளங்களில் பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து வரும் கேள்வி. "இந்தப் பதிவுக்குக் கூடுதல் விவரம் தர முடியுமா?" என்று ஒரு வரி வந்தால் முகம் சுருங்கிவிடுகிறது. பிரிட்டனில் 1959 முதல் அரும்பறவைக் குழு ஒன்று இதே வேலையைத்தான் செய்துவருகிறது; பேர்பெற்றவர்களின் பதிவுகளும் விவரம் போதாமல் அங்கே தள்ளுபடியாகின்றன. பதிவு நிற்கவில்லை என்றால் உங்களைப் பொய்யர் என்றதாக அர்த்தமில்லை, எழுதியது போதவில்லை என்று அர்த்தம்.

என் கரண்டிவாய்ப் பதிவை அன்று மாலையே திருத்தினேன். "கொசு உள்ளான், 1, அலகு நுனியில் சேறு" என்று இப்போதும் இருக்கிறது. அதைச் சுற்றி மேய்ந்த மற்ற கொசு உள்ளான்கள் எத்தனை என்பதைத்தான் எண்ணவே இல்லை.