மானாவாரிச் சீமைக்கு ஓர் அருங்காட்சியகம்: நடத்துவது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊரில் அருங்காட்சியகம் வைக்கப் போகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், போய்ப் பார்க்கும்போது ஓர் அறை நிறையப் பொருள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கலப்பை, உரல், திருகை, மாட்டுக் கழுத்து மணி, பித்தளைக் குடம். இந்தத் திருகை எந்த வீட்டிலிருந்து வந்தது, இதில் ராகி அரைத்தவர் யார், ஒரு வேளைக் களிக்கு எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பொருளைத் தேடிப் போவதற்கு முன்னால் அதைப் பயன்படுத்தியவர்களின் பேச்சைத் தேடிப் போங்கள். திருகை கல், அது பரணிலோ கொல்லையிலோ இன்னும் பல காலம் கிடக்கும். ஆனால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

அடுத்து, எதைப் பற்றிய அருங்காட்சியகம் என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். அதியமான், தகடூர், நடுகல் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட வேண்டாம். அதற்குத் தருமபுரியில் தொல்லியல் துறையின் நடுகல் சேகரிப்பு இருக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அந்த மாதிரி வேலையெல்லாம் துறைக்காரர்கள்தான் செய்ய வேண்டும், நாம் தொடவே கூடாது. ஆனால் ராகியும் சாமையும் கொள்ளும் விதைத்து, ஆலம்பாடி மாட்டையும் ஆட்டையும் மேய்ச்சல் காட்டில் ஓட்டி, மழையைப் பார்த்துக்கொண்டே பிழைத்த கடந்த நூறு வருட வாழ்க்கையை யாரும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கவில்லை. அது உங்கள் வேலை. எல்லையையும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாலுகா போதும், தாலுகாவுக்குள் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பிர்க்கா என்றாலும் சரிதான்.

ஆரம்பிக்கும் முன் மேலே சொன்ன இரண்டு இடங்களுக்கும் போய், காப்பாட்சியரைப் பார்த்துப் பேசுங்கள். பொருளை எப்படிப் பதிகிறார்கள், எப்படித் துடைக்கிறார்கள் என்று நேரில் பார்ப்பது எந்தப் புத்தகத்தையும்விட உதவும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் அங்கே கேளுங்கள்.

சரி, பேச்சைச் சேர்ப்பது எப்படி? "அந்தக் காலம் எப்படிங்க இருந்தது?" என்று கேட்டால் "அப்பல்லாம் நல்லா மழை பெய்யும் சாமி" என்பதோடு முடிந்துவிடும். கருவியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் அள்ளும் கவலைச் சால் ஒன்று கிடைத்தால் அதைக் கிணற்று மேட்டுக்கே தூக்கிக்கொண்டு போங்கள். விடியலில் எத்தனை மணிக்கு மாட்டைப் பூட்டினீர்கள், வடம் அறுந்தால் என்ன செய்தீர்கள், வால்கயிறு யார் கையில் இருக்கும், ஓட்டும்போது என்ன பாட்டு, மாடு எதற்கு மிரளும், மோட்டார் வந்த வருடம் எது, வந்ததும் அந்த மாட்டை என்ன செய்தீர்கள். இப்படிக் கேட்டால் கை தானாக அசையும், கையோடு சேர்ந்து கதையும் வரும். வீடியோவில் முகத்தைவிடக் கையை அதிகம் எடுங்கள். பெண்களிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள், ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். விதை பொறுக்குவது, சாம்பல் கலந்து பானையில் மூடி வைப்பது, எந்த ராகி களிக்கு நல்லது, எது கூழுக்கு நல்லது என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் அறிவு. பேசியவரிடம் அனுமதியை எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வாங்கி, பதிவின் ஒரு படியை அவர் வீட்டுக்கே கொடுங்கள்.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள். கவலைச் சாலில் தண்ணீர் கொட்டும் தோல் குழாயான தும்பியைத் தைத்தது யார்? அதற்குக் கூலியாக அறுவடைக் களத்தில் எத்தனை படி ராகி அளந்தார்கள்? களத்தில் எந்தப் பக்கம் நிற்க வைத்து அளந்தார்கள்? அந்தச் சால் விவசாயியின் பொருள் என்று மட்டும் காட்டினால் வரலாற்றில் பாதி போய்விடும். தோல் வேலை செய்தவர்கள், பண்ணையத்தில் ஆளாக இருந்தவர்கள், கம்பளி நெய்த குறும்பர்கள், அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் வாழ்ந்த இருளர்கள், சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடியினர், லம்பாடிகள் எல்லாரும் இந்த வறண்ட நிலத்தின் வரலாறுதான். நிர்வாகக் குழுவிலேயே இவர்களில் சிலர் இருந்தால்தான் இது சரியாக நடக்கும், இல்லையென்றால் ஒரு தெருவின் பெருமையை மட்டும் பேசும் இடமாகப் போய்விடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேச்சுக்கு அடுத்தபடியாகக் காகிதம். 1792இல் திப்பு சுல்தானோடு நடந்த உடன்படிக்கையில் பாராமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது, கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே ஊர் ஊராக நிலத்தை அளந்து, குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். அன்று முதல் இன்று வரை நிலம் என்ன ஆனது என்பதற்கு எழுத்தில் தடம் இருக்கிறது. வருவாய்த் துறையில் எந்தப் புல எண் என்ன நிலம் என்று காட்டும் பழைய அ-பதிவேட்டின் நகலையும் கிராம வரைபடத்தின் நகலையும் முறைப்படி விண்ணப்பித்து வாங்குங்கள். அதில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, ஓடை, ஏரி என்று எழுதியிருக்கும் புல எண்களை எடுத்து, ஒரு சுவர் முழுக்க ஊர் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வண்ணம் தீட்டுங்கள். அன்றைக்கு மாடு மேய்ந்த இடம் ஒரு வண்ணம், இன்று அதில் வீட்டுமனை, சாலை, கிரானைட் குவாரி, தைல மரம் எது இருக்கிறதோ அது இன்னொரு வண்ணம். கண்ணாடிப் பெட்டிக்குச் செலவு செய்யப் பணம் இல்லை என்றாலும் பரவாயில்லை, இந்தச் சுவரைச் செய்துவிடுங்கள். ஊர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று "இங்கதான் எங்க அப்பன் பட்டி போட்டிருந்தான்" என்று விரலை வைப்பார்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும், எழுதத் தெரிந்த ஓர் ஆளும் இருக்கட்டும்.

இப்போது பொருள். எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஒரே மாதிரி உரல் எட்டு வந்தால், நல்ல கதை உள்ள ஒன்றைச் சேகரிப்பில் சேருங்கள், பிள்ளைகள் தொட்டுப் பார்க்க இன்னொன்றைத் தனியாக வையுங்கள், மற்றதை நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். முகம் கோணுவார்கள் என்று தயங்கினால் ஒரே வருடத்தில் உங்கள் கட்டடம் பழைய இரும்புக் கடையாகிவிடும். சிலவற்றை எந்த நிலையிலும் வாங்கக் கூடாது. மான் கொம்பு, யானைத் தந்தம், புலி நகம் எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். மலைப்பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி இருக்கும், அதையும் தொடாதீர்கள், உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு வரும். மண்ணைத் தோண்டும்போது காசுப்பானை கிடைத்தது என்று கொண்டுவந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி, தாலுகா அலுவலகத்துக்கு நீங்களே கூடப் போங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, சிற்பம் போன்றவையும் எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட ஓலைச்சுவடியும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், பதிவு செய்ய வேண்டுமா என்று தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நடுகல்லைப் பெயர்த்து எடுத்துவராதீர்கள். மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தவனுக்கு நட்ட கல் அது, மேய்ச்சல் வரலாற்றுக்கு அது ஒரு பழைய சான்று என்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பல ஊர்களில் அது வேடியப்பன் சாமியாக இன்றும் கும்பிடப்படுகிறது, அது நிற்கும் இடமும் வரலாற்றின் ஒரு பகுதி. படம் எடுங்கள், ஜிபிஎஸ் குறியுங்கள், அளந்து எழுதுங்கள், துறைக்குத் தெரிவியுங்கள். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதோ, இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தோ எடுத்தால் எழுத்து தானாக எழும்பி வரும்.

பொருள் வந்த அன்றைக்கே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கட்டுப்போட்ட பெரிய நோட்டு, பக்க எண் அச்சிட்டது, அழியாத மை. வரிசை எண், வந்த தேதி, கொடுத்தவர், அவர் ஊர், அன்பளிப்பா இரவலா, அந்த வீட்டில் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் (ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லலாம், சொன்னபடியே எழுதுங்கள்), யார் செய்தது, யார் பயன்படுத்தியது, கடைசியாக எப்போது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது. கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்காமல் எதையும் உள்ளே எடுக்காதீர்கள். பத்து வருடம் கழித்து அவர் மகன் வந்து "எங்க குடத்தைக் கொடு" என்று நிற்பார், அப்போது அந்தக் கையெழுத்துதான் பேசும். எண்ணைப் பொருளின் மேல் பெயிண்டால் எழுத வேண்டாம், துணி நாடாவில் எழுதிக் கட்டுங்கள். பழைய போட்டோக்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். பதிவேட்டையும் படங்களையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறோர் ஊரில் வையுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலப்பைக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், கைபட்டுப் பட்டு வழுவழுப்பான பிடிதான் அதன் அழகு. இரும்பைத் தண்ணீர் படாமல் பிரஷ்ஷால் துடைத்து மெல்லிய மெழுகு பூசினால் போதும், சமையல் எண்ணெய் தடவினால் தூசி ஒட்டிப் பிசுக்காகும். பித்தளையைப் புளி போட்டு விளக்குவதை அடியோடு நிறுத்துங்கள், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் வெட்டியிருக்கும் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். கரையான்தான் இங்கே முதல் எதிரி. எந்த மரமும் தரையையோ சுவரையோ தொடக் கூடாது, இரும்புக் கால் வைத்து அரை அடியாவது தூக்கி வையுங்கள், வாரம் ஒருமுறை பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பளி, முறம், கூடையில் பூச்சி இருந்தால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் கழித்துத்தான் கட்டைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோக்கும். வர்ணம் பூசிய மரத்துக்கு இது ஆகாது. ஜன்னல் வெயில் கம்பளி மேலோ போட்டோ மேலோ விழாமல் திரை போடுங்கள்.

தானியத்தைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வரிசையாக அடுக்கினால் அடுத்த ஆடிக்குள் வண்டு வந்துவிடும், பார்க்கிறவர்களுக்கும் அதில் ஒன்றும் தெரியாது. கட்டடத்துக்கு வெளியே இரண்டு சென்ட் நிலம் இருந்தால் ஆடிப் பட்டத்தில் ராகி விதையுங்கள், நடுநடுவே உழவுச் சால் விட்டு அவரையும் துவரையும் போடுங்கள், ஒரு மூலையில் சாமை. மழை ஏமாற்றினால் பயிர் காயட்டும், தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டாம், "இந்த வருடம் இத்தனை நாள் மழை இல்லை" என்று ஒரு பலகை எழுதி நடுங்கள். மானாவாரி என்றால் என்ன என்பது டவுன் பிள்ளைகளுக்கு அங்கே விளங்கும். விதைக்குப் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கலாம், நாட்டு ரகத்துக்குப் பாட்டிகளைக் கேளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை நூறு பேராகக் கூட்டிக்கொண்டு வந்தால் வரிசையில் நடக்க வைத்து அனுப்புவதற்குள் நேரம் போய்விடும். ஒரு வகுப்பு போதும் என்று பள்ளியில் பேசுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் திருகையைச் சுற்றட்டும், ராகி மாவு கையில் ஒட்டட்டும், முடிந்தால் களி கிண்டிக் கொடுங்கள். எழுத்துப் பலகையில் ஐம்பது வார்த்தைக்கு மேல் வேண்டாம், பேசியவரின் பேச்சிலிருந்தே ஒரு வரி எடுத்துப் போடுங்கள். எருது விடும் விழாவுக்கு ஊருக்கு வருகிற கூட்டத்தை மறக்காதீர்கள், பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு வரும் நாள்கள் அவை, தையில் காலை முதல் இரவு வரை திறந்து வையுங்கள். நல்ல கழிப்பறையும் குடிதண்ணீரும் இல்லாமல் திறப்பு விழா வைக்க வேண்டாம்.

பணத்துக்கு, ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதியலாம், அல்லது அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளரிடம் பதியலாம். நன்கொடை வாங்குவதாக இருந்தால் வருமான வரிச் சலுகைக்கான பதிவுகளை ஆடிட்டர் மூலம் வாங்கிவிடுங்கள். ஒரே பெரிய மனிதரின் பணத்தில் தொடங்கினால் அவர் படம் முதல் சுவரில் வந்துவிடும், பிறகு அவர் எதிராளி உள்ளே வரமாட்டார். சின்னச் சின்னத் தொகையாகப் பலரிடம் வாங்குங்கள், உபயதாரர் பெயர்கள் எல்லாம் வாசலில் ஒரே பலகையில் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். கட்டடத்துக்கு வருகிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைப்பதற்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். அந்த ஆள் உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் நல்லது, வீடு வீடாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்ய அவரால்தான் முடியும். பதிவேடு எழுதவும் பெட்டியைத் திறக்கவும் அவரோடு இன்னும் இரண்டு பேருக்குப் பழக்கிவிடுங்கள், சாவி ஒருவர் இடுப்பில் மட்டும் தொங்கக் கூடாது.