10,000 சுழற்சி என்ற எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்

பழைய கணினிக்கு ஹார்டு டிஸ்க் தேடுகிறீர்களா? நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் ராப்டரை விட்டுவிட்டு, 7,200 சுழற்சி கொண்ட புதிய 1 டி.பி. டிஸ்க்கையே வாங்குங்கள். பெரிய கோப்புகளைப் படிப்பதில் புதியதுதான் வேகம்.

காரணம், டிஸ்க்கினுள் சுழலும் தட்டில் தரவு எவ்வளவு நெருக்கமாகப் பதிந்திருக்கிறது என்பதுதான். முதலில் வந்த 74 ஜி.பி. ராப்டருக்கு இரண்டு தட்டுகள் தேவைப்பட்டன. இன்று ஒரே தட்டில் 1 டி.பி. அடங்கிவிடுகிறது. அதனால் தட்டு மெதுவாகச் சுழன்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் பல மடங்கு தரவு கிடைக்கிறது. ராப்டர் நொடிக்குச் சுமார் 70 எம்.பி. தரும், புதியது 150ஐ எளிதாகத் தாண்டும். சூடும் இரைச்சலும்கூடக் குறைவு.

சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் மட்டும் ராப்டருக்கே முதலிடம். தேவையான இடம் சுழன்று வர அதில் சராசரியாக 3 மில்லிநொடி போதும், 7,200இல் 4.2 ஆகிறது. தரவைப் படிக்கும் தலை நகரும் வேகத்திலும் ராப்டரே முந்துகிறது. உங்களுக்கு அந்த வேலைதான் அதிகம் என்றால் சுழலும் தட்டே இல்லாத ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், இரண்டையுமே மிஞ்சிவிடும். புதியது எஸ்.எம்.ஆர். வகையா (தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி பதிக்கும் வகை) என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்து நிறைய எழுதும்போது அந்த வகை மிகவும் மந்தமாகிவிடும்.