அரபுச் சட்ட வேலைக்கு ஏஐ கருவி: பிடிஎஃப்பில் தொடங்கி விடைச் சோதனை வரை

இங்கே பேசும் கருவி, சட்ட உரைகளில் தேடி, பொருந்தும் பிரிவுகளை எடுத்து, பதில் எழுதும் மொழி மாடலிடம் கொடுப்பது. அரபுச் சட்டக் கேள்விக்கு அது தப்பாகப் பதில் சொன்னால், கை முதலில் மாடலை மாற்றத்தான் போகும். அதற்கு முன் மாடலுக்குப் போன உரையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிரிவு எண் தலைகீழாகியிருக்கும், இல்லாவிட்டால் ரத்தான சட்டமோ பக்கத்து நாட்டுச் சட்டமோ உள்ளே புகுந்திருக்கும். அதனால் இங்கே பாதிக்கு மேல் உரைத் தயாரிப்பைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு நாடு, ஒரு துறை

அரபுச் சட்டம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. தொழிலாளர் சட்டத்துக்கு எகிப்தில் 'கானூன் அல்-அமல்' என்று பெயர். சவூதியில் அது 'நிஸாம் அல்-அமல்', மொராக்கோவில் 'முதவ்வனத் அஷ்-ஷுக்ல்', துனீசியாவில் 'மஜல்லத் அஷ்-ஷுக்ல்'. எகிப்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான 'நக்ள்' நீதிமன்றத்துக்கு இணையானது துபாயிலும் குவைத்திலும் ஜோர்தானிலும் 'தம்யீஸ்', துனீசியாவில் 'தஅகீப்'. 'கானூன்' என்று தேடும் கருவிக்குச் சவூதிச் சட்டத்தில் பாதி கண்ணில் படாது. மாதப் பெயர்களும் இப்படித்தான்: எகிப்தின் 'யனாயிர்' சிரியாவிலும் லெபனானிலும் 'கானூன் அஸ்-ஸானி'. (சட்டக் கானூனுக்கும் மாதக் கானூனுக்கும் அரபியில் முதல் எழுத்தே வேறு. நம் எழுத்தில்தான் இரண்டும் ஒன்று.)

ஆகவே ஒரு நாட்டையும் ஒரு துறையையும் எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வோர் ஆவணத்திலும் நாடு மட்டுமல்லாமல் அதிகார வரம்பும் பதிவாக வேண்டும். துபாயின் டிஐஎஃப்சி, அபுதாபியின் ஏடிஜிஎம் ஆகிய நிதி மண்டலங்களுக்குத் தனி வணிகச் சட்டமும் ஆங்கிலத்தில் நடக்கும் தனி நீதிமன்றமும் உண்டு. நாட்டை வைத்து மட்டும் வடிகட்டினால் இவை அமீரகத்தின் கூட்டாட்சிச் சட்டத்தோடு கலந்துவிடும்.

பிடிஎஃப்பிலிருந்து உரை

பழைய பிடிஎஃப்களில் எழுத்துகள் யூனிகோடின் வடிவ எழுத்துப் பகுதியில் இருக்கும்; அதாவது சொல்லின் முதல், நடு, கடைசி வடிவங்களுக்குத் தனித்தனிக் குறியீடு. என்எஃப்கேசி என்ற யூனிகோடு நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) கொடுத்தால் அவை சாதாரண எழுத்தாகிவிடும். வரிகள் திரையில் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருந்தால்தான் தொல்லை. வரியை அப்படியே திருப்பினால் எழுத்து சரியாகும், எண் கெடும். 1985 என்பது 5891 ஆகும். அரபியில் எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் இடமிருந்து வலம்தான். எனவே எண் தொடர்களைத் தனியே பிரித்து, திருப்பாமல் வையுங்கள். சரிபார்க்க எளிய வழி, பிரிவு எண்கள் ஏறுவரிசையில் வருகின்றனவா என்று பார்ப்பது. 11க்கு அடுத்து 21, 31, 41 என்று வந்தால் நடந்தது என்னவென்று புரிந்துவிடும்.

ஸ்கேன் பக்கங்களுக்கு 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரல்) ஓட்டுங்கள். அரபு எண்களில் பூஜ்யம் என்பது ஒரு புள்ளிதான். தாளில் ஒரு தூசி விழுந்தால் 500 திர்ஹம் 5000 ஆகும். புள்ளி மங்கினால் திரும்ப 500 ஆகும். ஐந்துக்கு உரிய வட்டத்தை 'ஹா' எழுத்தாகப் படிப்பதும் வழக்கம். தொகை, தேதி, பிரிவு எண் மூன்றையும் மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும். மற்ற உரைக்கு மாதிரிப் பரிசோதனை போதும்.

வாதியும் பிரதிவாதியும் ஒன்றாகும் இடம்

அரபித் தேடலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சுத்திகரிப்பு இது: உயிர்க்குறிகளை நீக்கு, எழுத்தை இழுத்துக் காட்டும் தத்வீல் கோட்டை நீக்கு, ஹம்ஸா என்ற சிறு குறி உள்ள அலிஃப் எழுத்துகளை ஒன்றாக்கு, சொல் இறுதி 'யா'வையும் புள்ளியில்லாத 'அலிஃப் மக்ஸூரா'வையும் ஒன்றாக்கு. செய்தித்தாளுக்கு இது சரி. சட்டத்தில் வாதி 'முத்தஈ', பிரதிவாதி 'முத்தஆ அலைஹி'. முதல் சொல்லில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கடைசி எழுத்தின் கீழுள்ள இரண்டு புள்ளிகள்தான். ஒன்றாக்கிவிட்டால் யார் யார் மேல் வழக்குப் போட்டார் என்பதற்கு 'அலைஹி' மட்டுமே சாட்சி. எகிப்திய வழக்கத்தில் சொல் இறுதி யாவுக்குப் புள்ளியே வைக்காமல் எழுதுவதால், அங்கே மூல உரையிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. காப்பீட்டில் இன்னும் மோசம். காப்பீடு தருபவர் 'முஅம்மின்', பெறுபவர் 'முஅம்மன் லஹு'. இரண்டு முதற்சொற்களையும் பிரிப்பது உயிர்க்குறி மட்டுமே.

இதற்கு இரண்டு அடுக்கு வையுங்கள். தேடல் இண்டெக்ஸுக்குச் சுத்திகரித்த பிரதி, மாடலுக்கும் பயனருக்கும் கைபடாத மூலம். 'அலைஹி', 'லஹு' போன்றவற்றை வெறும் இணைப்புச் சொல் என்று தேடலிலிருந்து கழித்துவிடாதீர்கள்.

சொல்லோடு ஒட்டிவரும் வ, ஃப, பி, லி, அல் ஆகியவற்றைப் பிரிக்க கேமல் டூல்ஸ், ஃபராசா என்ற இரண்டு அரபிமொழி நிரல் தொகுப்புகளும் உதவும். இதைச் செய்யாமல் சொல்வழித் தேடல் நடத்தினால் ஒரே சொல் பத்து வேடத்தில் சிதறும்.

துண்டும் தேதியும்

தேடலுக்காகச் சட்ட உரையைத் துண்டாக்கும்போது டோக்கன் (மாடல் உரையை எண்ணும் சிறு கூறு) கணக்கில் வெட்டாதீர்கள். ஒரு சட்டப்பிரிவு ஒரு துண்டு. அதன் தலையில் சட்டத்தின் பெயர், பாகம், அத்தியாயம். சவூதிச் சட்டங்களில் பிரிவு எண் பெரும்பாலும் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும், அதுவும் ஒன்றின் இடம் முன்னே பத்தின் இடம் பின்னே: 75ஆம் பிரிவு 'ஐந்தாவதும் எழுபதும்'. இதை இலக்கமாக்கும் சிறு நிரலை முதலிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் செருகப்பட்ட பிரிவுகளுக்கு 'முகர்ரர்' என்ற ஒட்டு வரும். '12 முகர்ரர்' வேறு, 12 வேறு; ஒட்டை விட்டால் ஒன்று மற்றதை அழிக்கும். 'முந்தைய பிரிவில் கூறியபடி' என்று வந்தால் அந்த முந்தைய பிரிவும் கூடவே வரும்படி இணைப்பு வையுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் அமலான தேதி, முடிந்த தேதி இரண்டும் கட்டாயம். அமீரகத்தில் 1980இன் 8ஆம் எண் தொழிலாளர் சட்டம் போய், 2021இன் 33ஆம் எண் ஆணைச் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் அமலானது. காலவரையற்ற ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டு வேலை செய்தவர் தானாக ராஜினாமா செய்தால் பழைய சட்டத்தில் பணிக்கொடையில் மூன்றில் இரண்டு பங்குதான். புதிய சட்டத்தில் அந்தக் குறைப்பு இல்லை. தேதி வடிகட்டி இல்லாத கருவி இரண்டையும் எடுத்து வைத்து நடுவில் ஒரு பதிலைச் சமைக்கும்.

சவூதி ஆவணங்களில் வரும் ஹிஜ்ரி (இஸ்லாமிய சந்திர நாட்காட்டி) தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்ற, சவூதியின் உம்முல் குரா நாட்காட்டி அட்டவணையைப் பயன்படுத்துங்கள். வெறும் கணிதச் சூத்திரம் ஒரு நாள் பிசகலாம். காலக்கெடு எண்ணும்போது பத்து ஹிஜ்ரி ஆண்டு பத்து ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 109 நாள் குறைவு. எந்த நாட்காட்டி என்பதை ஒவ்வொரு கெடுவோடும் சேமியுங்கள். இந்தக் கணக்கை மாடலிடம் விடவே விடாதீர்கள், நிரல் செய்யட்டும்.

தேடலும் பதிலும்

சொல்வழித் தேடலில் 30, எம்பெடிங் தேடலில் (பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடுவது) 30 எடுத்து, கலந்து, ரீரேங்கர் (கிடைத்தவற்றைப் பொருத்தத்தின்படி மறுபடி வரிசைப்படுத்தும் மாடல்) வழியாக 6 முதல் 8 பிரிவுகளுக்குக் குறைப்பது நல்ல தொடக்கம். எம்பெடிங்குக்குப் பிஜிஇ-எம்3 போன்ற பன்மொழி மாடல் போதும். பதில் எழுத ஜைஸ், அல்லாம், ஃபால்கன் அரபிக் போன்ற அரபி மாடல்களையும் பெரிய பொது மாடல்களையும் உங்கள் கேள்விகளிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு எத்தனை டோக்கன் ஆகிறது என்றும் எண்ணுங்கள், செலவு அங்கேதான் ஏறும்.

பயனர் செந்தர அரபியில் கேட்கமாட்டார். வளைகுடாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 'ஃபன்னஷூனி' என்பார். ஃபினிஷ் என்ற ஆங்கிலச் சொல்தான் அரபி வினையாகிவிட்டது. எந்தச் சட்டத்திலும் அந்தச் சொல் கிடையாது. எனவே தேடலுக்கு முன் கேள்வியைச் சட்ட நடைக்கு மாற்றும் ஒரு படி வையுங்கள். மாற்றிய கேள்வியைப் பயனருக்கும் காட்டுங்கள்.

மேற்கோள்களை மாடல் சொல்வதால் நம்பக்கூடாது. மேற்கோள் குறிக்குள் வரும் ஒவ்வொரு வரியும் மூலத்தில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று நிரல் ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் பதில் வெளியே போகக்கூடாது.

பெயர் மறைப்பும் சோதனையும்

அரபியில் பெரிய எழுத்து கிடையாது. 'ஆதில்' ஒருவரின் பெயர். 'அஜ்ர் ஆதில்' என்றால் நியாயமான ஊதியம். தீர்ப்புகளில் பெயரை மறைக்கும் மாடல் ஒன்றை விட்டுவிடும், மற்றதை அழித்துவிடும். கட்சிக்காரர் பட்டியல் தீர்ப்பின் தலைப்பில் இருப்பதால், பெயர்களை அங்கிருந்து எடுத்து உடலில் தேடி மறைப்பதே நம்பகமானது.

சோதனைக்கு அந்த நாட்டு வழக்கறிஞர்கள் எழுதிய 150 முதல் 200 கேள்விகள் வேண்டும். அவற்றில் கால்வாசி, சேகரிப்பில் பதிலே இல்லாத கேள்விகளாக இருக்கட்டும். 'இல்லை' என்று சொல்லத் தெரிகிறதா என்பது அப்போதுதான் வெளிப்படும். சரியான பிரிவு கிடைத்ததா, பதில் சரியா என்ற இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் போடுங்கள். முதலாவது குறைந்தால் மாடலைத் தொடாதீர்கள்.

கடைசியாகத் திரை. 'மீம்/191' போன்ற அரசாணை எண்ணும், சாய்கோடிட்ட தேதியும் இருதிசை உரையில் இடம் மாறித் தெரியும். அவற்றை யூனிகோடின் திசைப் பிரிப்புக் குறிகளுக்குள் அடைத்துவிட்டு, வேர்டில் ஒட்டியும் பாருங்கள். உலாவியில் நேராகத் தெரிந்த எண் அங்கே புரண்டு நிற்பது உண்டு. வழக்கறிஞர் மனு எழுதுவது வேர்டில்தான்.