சின்ன அறைக்குப் பிரவுன் அடிப்பது எப்படி

சின்ன அறை என்றாலே வெள்ளை, மிஞ்சிப்போனால் சந்தனக் கலர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். பெயிண்ட் அடிப்பதே என் வேலை. வெளிச்சம் சரியாக வராத அறையில் வெள்ளை அடித்தால் அறை பெரிதாகத் தெரிவதில்லை, அழுக்கேறிய சாம்பல் நிறத்தில் சோர்ந்துபோய்த்தான் தெரியும். வெள்ளை பளிச்சென்று இருக்க அதன் மேல் வெளிச்சம் விழவேண்டும். விழாத அறையைப் பிரவுனிடம் கொடுத்துவிடுங்கள் என்பது என் கட்சி. அறை பெரிதாகாது. ஆனால் அங்கே போய் உட்காரத் தோன்றும்.

எல்லா அறைக்கும் இது ஒத்துவராது. படுக்கையறை, படிக்கிற மூலை, வாசலை ஒட்டிய நடை, இப்படி இரவில் அதிகம் புழங்கும் இடங்களுக்கு நன்றாக அமையும். காய் நறுக்கும், துணி தைக்கும் இடங்களில் வெளிச்சம்தான் முக்கியம். அங்கே வேண்டாம்.

பிரவுன் என்பது ஒரே நிறமில்லை. கருத்துப்போன ஆரஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சிவப்போ மஞ்சளோ பச்சையோ சாம்பலோ ஒளிந்திருக்கும். சுவரில் அடித்த பிறகு வெளியே வந்து வம்பு செய்வது இந்த உள்நிறம்தான். ஷேடு கார்டில் ஒரே வரிசையில் இருக்கும் கட்டங்களில் ஆகக் கருத்த கட்டத்தைப் பாருங்கள், உள்நிறம் அங்கே மறைக்க முடியாமல் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால் இன்னும் தெளிவாகும்.

அப்புறம் அந்தக் கார்டைத் தரையில் வைத்துப் பாருங்கள். சுவரை மாற்றலாம், தரையை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. தரை சிவப்பாக இருந்தால் சிவப்பு கலந்த பிரவுன் வேண்டாம், அறை முழுக்கக் கனமாகிவிடும். கொஞ்சம் பச்சை கலந்த மண் கலர் அங்கே நன்றாக நிற்கும். சாம்பல் டைல்ஸ் என்றால் சாம்பல் கலந்த பிரவுன். மரக்கதவு, அலமாரி இருக்கிறதா? அதே நிறத்தைச் சுவரில் தேடி அலையாதீர்கள். ஒத்துப்போகிற மாதிரி இருந்து கொஞ்சம் பிசகினால், கதவு பழசாகத் தெரியும். இரண்டு படி கூட்டியோ குறைத்தோ எடுங்கள்.

பல கம்பெனிகளின் கார்டில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும். அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கான அளவு அது. 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. முதல் தடவை அடிப்பவர்களுக்கு 15 முதல் 30 வரை உள்ளதைச் சொல்வேன். 10க்குக் கீழே போகத் துணிந்தால், உத்தரத்தில் ஒற்றை விளக்கு போதாது. சுவரோரம் இரண்டு மூன்று சின்ன விளக்குகளுக்கு முதலிலேயே இடம் பார்த்துவிடுங்கள்.

விளக்கு என்றதும் ஒன்று. பெயிண்ட் தேர்ந்தெடுக்கும் முன் பல்பை மாற்றுங்கள், பிறகல்ல. பல்பு அட்டையில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும், ஒளி மஞ்சளா வெள்ளையா என்று அது சொல்லும். 6500 கெல்வின் வெள்ளை பல்பின் கீழ் நல்ல பிரவுன்கூடச் சேறு பூசியது போல இருக்கும். 2700 முதல் 3000 வரை உள்ள மஞ்சள் ஒளியில்தான் அதற்கு உயிர் வரும். பல்பின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதற்கான அளவு சிஆர்ஐ, 100தான் உச்சம். அது 90க்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது.

மாதிரி பார்க்கச் சுவரில் நேரடியாக ஒரு சதுரம் அடிப்பது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. சுற்றிலும் வெள்ளை இருப்பதால் உள்ளதைவிடக் கருப்பாகத் தெரிந்து பயமுறுத்தும். ஏ3 அளவு அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு சுவராகச் சாய்த்து வைத்து, காலையிலும் இரவிலும் பாருங்கள். மூலையிலும் வையுங்கள். அங்கே ஒரு சுவரின் நிறம் மற்றதில் பட்டு இன்னும் அடர்த்தியாகும்.

எத்தனை சுவர்? "ஒரு சுவர் மட்டும் அடிப்போம்" என்பார்கள். சின்ன அறையில் அது பாதி வேலை. கண் நேரே அந்தச் சுவரில் போய் முட்டி, அறை இவ்வளவுதான் என்று அளந்துவிடும். நான்கு சுவரும், கதவுச் சட்டமும், கீழே ஓடும் ஸ்கர்ட்டிங்கும் ஒரே நிறமானால் ஓரங்கள் மங்கி, எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. கூரையின் உட்பக்கத்துக்குத் தூய வெள்ளை வேண்டாம், சுவருக்கு மேலே கோடு கிழித்த மாதிரி இருக்கும். கிரீம் போதும். ஒரு சுவர்தான் என்று பிடிவாதமாக இருந்தால், ஜன்னல் உள்ள சுவரை விட்டுவிட்டு அதற்கு எதிர்ச் சுவரை எடுங்கள். ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிரவுன் வெறும் இருட்டாகத்தான் தெரியும்.

பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும். ஆனால் கை படுகிற இடத்தில் தேய்ந்து பளபளக்கும். அதனால் நடைக்கு லேசாக மினுங்கும், துடைக்கக்கூடிய சாட்டின், படுக்கையறைக்கு மேட். பளபளக்கும் கிளாஸ் ஃபினிஷ் வேண்டவே வேண்டாம். கருத்த நிறத்தில் ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். வெள்ளைச் சுவரில் தெரியாத உப்புப் பூப்பு பிரவுனில் பளிச்சென்று தெரியும். பட்டி பார்த்து, 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரில் சாம்பலோ பிரவுனோ கொஞ்சம் கலந்து தரச் சொல்லுங்கள். வெள்ளைப் பிரைமர் மேல் அடித்தால் மூன்றாவது கோட் கேட்கும்.

பெயிண்ட் கணக்கு: 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.7 என்றால் சுவர் 32 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கதவு ஜன்னல் போக 29. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 6 லிட்டர். எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துகொள்ளுங்கள். டப்பாவுக்கு டப்பா இருக்கும் சின்ன வித்தியாசம் கருத்த நிறத்தில் நடுச்சுவரில் தெரியும்.

பிரஷ்ஷால் நான்கு சுவர் ஓரத்தையும் முடித்துவிட்டு ரோலர் எடுக்காதீர்கள். காய்ந்த ஓரம் சட்டம் போட்டது போல நிற்கும். ஒரு சுவரின் ஓரத்தை அடித்ததும் ஈரம் காய்வதற்குள் அந்தச் சுவரை ரோலரால் முடியுங்கள். அதுவரை ஃபேன் ஓடக்கூடாது. அடிக்கும்போது எமல்ஷன் வெளிறித்தான் தெரியும், காய்ந்தால் கருக்கும். முதல் கோட் திட்டுத்திட்டாக இருந்தால் பதற வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து அடுத்ததை அடியுங்கள். மாஸ்கிங் டேப்பைக் கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள்.

பொருட்களில் அளவோடு இருங்கள். ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம் என்பதால், ஒரு கருநீலத் தலையணை உறை போதும், பிரவுன் எழுந்து நிற்கும். கண்ணாடி மாட்டுவதானால் விளக்கோ ஜன்னலோ அதில் தெரிகிற இடத்தில் மாட்டுங்கள், இருட்டுச் சுவரைப் பார்த்தபடி மாட்டினால் பயனில்லை.

மிச்சப் பெயிண்ட்டைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, ஷேடு நம்பரும் தேதியும் எழுதி வையுங்கள். பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தொட்டுவிடாதீர்கள், தழும்பு மாதிரி தனியாகத் தெரியும். சின்ன ரோலரால் சுற்றிலும் மெல்லத் தேய்த்துக் கலந்துவிடுங்கள். அப்படியும் தெரிந்தால் அந்த ஒரு சுவரை மூலையிலிருந்து மூலை வரை இன்னொரு கோட் அடித்துவிடுவதுதான் வழி.